ஒரு டாலர் 98 சென்ட் பேய்!

போன வாரம் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறவங்களைப் பத்தி எழுதினதும், ‘இதெல்லாம் சப்பை மேட்டர் பாஸ்... கொஞ்சம் டெரரா ஏதாவது எடுத்து விடுங்க’ன்னு நாலைந்து பேர் கேட்டிருந்தீங்க. ஓகே. இந்த வாரம் டெரரேதான். பேய் முகமூடி சேர்க்கிற ஆசாமிகள்!

சிரிக்காதீங்க. நம்ம ஊர்த் திருவிழாவில் எலாஸ்டிக் கட்டித் தொங்கவிட்டு விற்பாங்களே, அந்த பிளாஸ்டிக் சமாசாரம் இல்லை இது. அமெரிக்காவில் 1960-களில் செஞ்ச ரப்பர் ஃபிராங்கென்ஸ்டைன் தலை ஒண்ணுக்கு இன்னிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க ஆள் இருக்கு. அதுவும் எப்படிப்பட்ட தலை? காது மடங்கி, மூக்கு வெடிச்சு, கழுத்துப் பக்கம் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஆகிப்போன தலை. தொட்டா உதிரும். ஆனா ரேட் மட்டும் ஏறிக்கிட்டே போகும்.

முதல்ல ஒரு சினிமாக் கதை.

1978. ஜான் கார்ப்பென்டருக்கு அப்போ வயசு 30. ‘ஹாலோவீன்’னு ஒரு படம் எடுக்கிறார். பட்ஜெட் மூணு லட்சம் டாலர் சொச்சம். ஹாலிவுட் கணக்கில் அது கேன்டீன் செலவு. கதையில் கொலைகாரனுக்கு ஒரு முகமூடி வேணும். ஸ்பெஷலா செய்யக் காசு இல்லை. ஆர்ட் டைரக்ஷன், எடிட்டிங் ரெண்டையும் பார்த்துக்கிட்ட நண்பர் டாமி லீ வாலஸ், ஹாலிவுட் பூல்வார்டில் ஒரு மேஜிக் சாமான் கடைக்குப் போய் ரெண்டு முகமூடி வாங்கிட்டு வந்தார். ஒண்ணு, சோக மூஞ்சிக் கோமாளி. இன்னொண்ணு, ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க். விலை ஒரு டாலர் 98 சென்ட்.

கோமாளியைப் போட்டுப் பார்த்தாங்க. பயமாத்தான் இருந்தது. அப்புறம் கிர்க்கை எடுத்து, புருவத்தையும் கிருதாவையும் பிய்ச்சுட்டு, கண் ஓட்டையைப் பெரிசாக்கி, முகம் பூரா வெள்ளை ஸ்ப்ரே அடிச்சு, முடியைக் கலைச்சு விட்டாங்க. அதை மாட்டிக்கிட்டு ஆள் ரூமுக்குள்ள நடந்து வந்ததும் எல்லாரும் கப்சிப். கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, ஒண்ணுமே இல்லாத ஒரு மூஞ்சி. மைக்கேல் மையர்ஸ் பிறந்தது இப்படித்தான். படம் அமெரிக்காவில் மட்டும் நாலரைக் கோடி டாலருக்கு மேல அள்ளிடுச்சு. முகமூடிக்குள்ள இருந்த நிக் கேஸிலுக்குச் சம்பளம்? ஒரு நாளைக்கு 25 டாலர்.

இதுல நாம கவனிக்காம விடுறது ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு டாலர் கிர்க் முகமூடியை யாரோ செஞ்சிருக்கணும் இல்லையா? செஞ்சது டான் போஸ்ட் ஸ்டுடியோஸ், 1975-ல். அதில் இருக்கிற முகம் நடிகர் வில்லியம் ஷாட்னரோடது. வேற ஒரு படத்துக்காக அவர் முகத்தில் அப்பி எடுத்த அச்சிலிருந்து செஞ்சதுன்னு சொல்றாங்க. உலகமே பார்த்து அலறின அந்த வெள்ளை மூஞ்சி ஷாட்னர் மூஞ்சிதான்! ஆனா அவருக்கும் அந்தப் படத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஒரு பைசா வந்திருக்காது.

முகமூடி சேர்க்கிறவங்க கிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதான். ஒரு பொருளைக் கையில் எடுத்த உடனே, ‘இது யார் முகம்? யார் கை வேலை?’ன்னு நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. கம்பெனிக்காரன் எழுதாம விட்ட பேர்களைத் தோண்டி எடுக்கிறதில் அவங்களுக்கு ஒரு வெறி.

முப்பது டாலர் தலை

டான் போஸ்ட்டைப் பத்திச் சொல்லியாகணும். 1938-ல் ரப்பர் முகமூடி செய்ய ஆரம்பிச்ச மனுஷன். ‘ஹாலோவீனின் காட்ஃபாதர்’னே அவருக்குப் பட்டம். அக்டோபர் 31 ராத்திரி அமெரிக்கக் குழந்தைங்க வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போய் மிட்டாய் வாங்குவாங்களே, அந்தப் பண்டிகைதான் ஹாலோவீன். அதுக்கு அதுவரைக்கும் காகிதம், துணி, அட்டைன்னு எதையாவது கட்டிக்குவாங்க. டான் போஸ்ட் கொண்டு வந்தது தலை முழுக்க மாட்டுற ரப்பர் முகமூடி. உச்சி மண்டையிலிருந்து கழுத்து வரைக்கும். 1940-களின் கடைசியில் யூனிவர்சல் ஸ்டுடியோவோட அனுமதி வாங்கி ஃபிராங்கென்ஸ்டைன் பூதத்தோட தலையைப் போட்டார். (ஃபிராங்கென்ஸ்டைன்கிறது பூதத்தைச் செஞ்ச விஞ்ஞானியோட பேர், பூதத்துக்குப் பேரே கிடையாதுன்னு லிட்டரேச்சர் கிளாஸ் மக்கள் கையைத் தூக்குவீங்க. தெரியும். உட்காருங்க. மார்க்கெட்டில் அது ஃபிராங்கென்ஸ்டைன்தான்.)

ஏழை வீட்டுப் பிள்ளைங்களுக்கு வேற கம்பெனி இருந்தது. நியூயார்க்கின் பென் கூப்பர். மெல்லிசா பிளாஸ்டிக்கில் அச்சடிச்ச மூஞ்சி, பின்னாடி எலாஸ்டிக், கூட ஒரு பளபளா அங்கி. மூக்குக்குக் கீழே வேர்த்துக் கொட்டும், எலாஸ்டிக் ரெண்டாவது தெருவிலேயே அறுந்துடும். இந்த ஐட்டத்துக்கும் இன்னிக்கு ரசிகர்கள் இருக்காங்க, டப்பாவோட கிடைச்சா ஒரு ரேட், டப்பா இல்லேன்னா ஒரு ரேட். எனக்கு அதில் பெரிசா ஈடுபாடு இல்லை. டப்பாவுக்காகப் பொருள் வாங்குறவங்க கட்சி வேற.

பேய் பிசினஸ் நிஜமா சூடு பிடிச்சது 1957 அக்டோபரில். யூனிவர்சலோட பழைய திகில் படங்கள் 52-ஐ மூட்டையாக் கட்டி, ‘ஷாக்’னு பேர் வெச்சு அமெரிக்க டி.வி. சேனல்களுக்கு வித்தாங்க. தியேட்டரில் எப்பவோ ஓடி முடிஞ்ச ‘டிராகுலா’, ‘ஃபிராங்கென்ஸ்டைன்’, ‘மம்மி’ எல்லாம் ராத்திரி நேரத்தில் வீட்டு ஹாலுக்கே வந்து நின்னது. பத்து வயசுப் பசங்க போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பார்த்தாங்க. ‘மான்ஸ்டர் கிட்ஸ்’னு அந்தத் தலைமுறைக்கே ஒரு பேர் வந்துடுச்சு. நாலே மாசத்தில், 1958 பிப்ரவரி தேதி போட்டு ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’னு ஒரு பத்திரிகை. எடிட்டர் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மேன். பப்ளிஷர் ஜேம்ஸ் வாரன். முதல் இதழ் அட்டையில் ஃபிராங்கென்ஸ்டைன் முகமூடி மாட்டிக்கிட்டு நிக்கிறது வேற யாரும் இல்லை, பப்ளிஷரேதான். மாடலுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்!

அந்தப் பத்திரிகையோட கடைசிப் பக்கங்கள்தான் பசங்களுக்கு வேதம். முழுக்கத் தபால் ஆர்டர் விளம்பரம். பேய்க்கை, வௌவால், எட்டு எம்.எம். ஃபிலிம்... எல்லாத்துக்கும் நடுவில் டான் போஸ்ட் தலைகள் வரிசையா முறைச்சுக்கிட்டு இருக்கும். 1960-களில் ஒரு தலை முப்பது டாலருக்கு மேல. 1967-ல் அமெரிக்காவில் மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 1 டாலர் 40 சென்ட். அதாவது அப்பா 20 மணி நேரத்துக்கு மேல உழைச்சாத்தான் பையனுக்கு ஒரு பேய். எந்த அப்பா வாங்கிக் கொடுப்பார்? அதே சமயம் ஆரோரா கம்பெனியோட ஃபிராங்கென்ஸ்டைன் மாடல் 98 சென்ட். துண்டு துண்டா வரும், பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடிச்சு அலமாரியில் வெச்சுக்கலாம். பசங்க அதை வாங்கி மனசைத் தேத்திக்கிட்டாங்க. முகமூடி விளம்பரத்தைக் கத்தரிச்சுச் சுவத்துல ஒட்டினாங்க.

இன்னிக்கு அந்தத் தலைகளைத் துரத்துறவங்கள்ல பாதிப் பேர் அந்தப் பசங்கதான். பேரன் பேத்தி எடுத்த பிறகு, பத்து வயசில் வாங்க முடியாததை வாங்கிக்கிட்டு இருக்காங்க. இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். நம்மள்ல எத்தனை பேர் முதல் சம்பளத்தில் எதை வாங்கணும்னு இப்பவே லிஸ்ட் வெச்சிருக்கோம்?

பால் ஊத்திச் செய்யற முகம்

முகமூடி எப்படிச் செய்யறாங்க? சிற்பி முதல்ல களிமண்ணில் தலையைச் செதுக்குவார். அதுமேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டு முன்பாதி, பின்பாதின்னு ரெண்டு அச்சு எடுப்பாங்க. களிமண்ணை வழிச்செடுத்துட்டு, ரெண்டு பாதியையும் சேர்த்துக் கட்டித் தலைகீழா நிறுத்தி, கழுத்து வழியா ரப்பர் பாலை நிரப்புவாங்க. பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, சுவர் ஓரத்தில் பால் படலமாக் கெட்டிப்படும். வேணுங்கிற கனம் வந்ததும் மிச்சப் பாலைத் திருப்பிக் கொட்டிடலாம். காய விட்டு, பவுடர் தூவி உரிச்சா... சுருங்கிப்போன ஒரு மூஞ்சி கையில வரும். அப்புறம் பெயின்ட், முடி. ஒவ்வொண்ணும் கையால அடிச்ச பெயின்ட். அதனால ஒரே அச்சில் வந்த ரெண்டு தலை ஒரே மாதிரி இருக்காது.

அந்தப் பால் மரத்துப் பால்தான். நம்ம குலசேகரம் பக்கம் காலையில் வெட்டி எடுக்கிற அதே ரப்பர் பால். கெட்டியாகாம இருக்க அமோனியா கலப்பாங்க, அந்த நாத்தம் அந்த ஊர் ஃப்ரெண்ட்ஸுக்கு நல்லாத் தெரியும். 1950-களில் உலகத்துக்கு ரப்பர் கொடுத்ததில் முதல் வரிசையில் இருந்த நாடு மலேயா. அங்க தோட்டத்தில் விடியறதுக்கு முன்னாடி மரம் மரமாப் போய்ப் பால் வெட்டினவங்கள்ல பெரும்பகுதி நம்ம ஜனங்க. எந்தத் தலைக்கு எந்தத் தோட்டத்துப் பால்னு யாரும் கணக்கு வெச்சதில்லை. ஆனா கலிஃபோர்னியாவில் ஒரு பையன் அலறின அலறலில் தமிழ்க் கூலி ஒருத்தரோட காலைப்பொழுதும் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இப்போ முகங்களுக்கு வருவோம். கொஞ்சம் வயித்தெரிச்சலான ஏரியா.

தட்டையான மண்டை, கழுத்துல போல்ட்டு, தொங்குற இமை. ஃபிராங்கென்ஸ்டைன்னதும் நமக்கு வர்ற அந்த உருவம் நாவலில் கிடையாது. 1931 படத்துக்காக மேக்கப்மேன் ஜாக் பியர்ஸ் உருவாக்கினது. தினமும் சுமார் நாலு மணி நேரம் போரிஸ் கார்லாஃப் முகத்தில் பஞ்சும் பசையுமா அடுக்கடுக்காக் கட்டினார். 1932 மம்மி, 1941 ஓநாய் மனிதன் எல்லாமே அவர் கைதான். 1940-களின் பிற்பகுதியில் யூனிவர்சல் அவரை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. ரப்பரில் முன்கூட்டியே வார்த்து ஒட்டுற புது முறை வந்தாச்சு, பஞ்சு வெச்சு நாலு மணி நேரம் உட்கார வைக்கிற ஆள் எதுக்குன்னு நினைச்சிருப்பாங்க. கடைசியில் பேசற குதிரை வர்ற ‘மிஸ்டர் எட்’ங்கிற டி.வி. காமெடித் தொடருக்கு மேக்கப் போட்டுக்கிட்டு இருந்தார். 1968-ல் போயிட்டார். அவர் முகங்கள் முப்பது டாலருக்கு வித்துக்கிட்டு இருந்த காலம் அது.

பெலா லுகோசி கதை இன்னும் மோசம். டிராகுலாவாக 1931-ல் நடிச்சதுக்கு அவருக்கு வாரம் 500 டாலர்னு ஏழு வாரச் சம்பளம், மொத்தமே 3,500 டாலர். அப்புறம் வாழ்க்கை பூரா அதே கறுப்பு அங்கி அவரைத் துரத்துச்சு. வேற வேஷம் கிடைக்கல. காசு இல்லாம, போதை மருந்துப் பழக்கத்தோட மல்லுக்கட்டி, 1956 ஆகஸ்டில் செத்தார். டிராகுலா அங்கியோடவே புதைச்சாங்க. டி.வி.யில் ‘ஷாக்’ ஓட ஆரம்பிச்சது அடுத்த வருஷ அக்டோபரில். பதினாலே மாசம்! மனுஷன் அதுவரைக்கும் இருந்திருந்தா, தன் மூஞ்சியைப் பார்த்து ஒரு தலைமுறையே கிறங்கினதைப் பார்த்திருப்பார்.

அவர் குடும்பம் சும்மா இருக்கல. 1960-களில் யூனிவர்சல் டிராகுலா உருவத்தைப் போட்டு பொம்மை, முகமூடி, அது இதுன்னு கண்டவங்களுக்கும் லைசென்ஸ் கொடுத்துக்கிட்டு இருந்தப்போ, ‘அது எங்க அப்பா முகம்’னு மகனும் மனைவியும் கோர்ட்டுக்குப் போனாங்க. 1972-ல் கீழ்க்கோர்ட்டில் ஜெயிச்சாங்க. 1979-ல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் அதைத் தலைகீழாக்கிடுச்சு. தன் பேரையும் முகத்தையும் வெச்சு வியாபாரம் பண்ற உரிமையை ஒருத்தர் உயிரோட இருக்கும்போதே பயன்படுத்தணும், வாரிசுக்கு அது தானாப் போகாதுன்னு தீர்ப்பு. உயிரோட இருந்தப்போ அந்த முகத்தை வாங்க மார்க்கெட்டே இல்லையே! லா காலேஜ் நண்பர்கள் ‘லுகோசி வெர்சஸ் யூனிவர்சல்’னு தேடிப் படிங்க. முகம் ஒரு சொத்தா, ஆமாம்னா யார் சொத்துன்னு ரெண்டு பக்கமும் பிச்சு எடுத்திருப்பாங்க. அப்புறம் சட்டத்தையே மாத்தினாங்க. 1985-லிருந்து கலிஃபோர்னியாவில் பிரபலங்கள் இறந்த பிறகும் முக உரிமை வாரிசுகளுக்கு உண்டு.

மூணாவது ஆள் ஒரு பெண். மிலிசென்ட் பேட்ரிக். 1954-ல் வந்த ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படத்தில் மீன் மனுஷன் ஒருத்தன் வருவான். செவுள், செதில், தடிச்ச உதடு... அட்டகாசமான டிசைன். வரைஞ்சது இவங்கதான். படத்துக்கு விளம்பரமா இவங்களை ஊர் ஊரா அனுப்பினாங்க. ‘மிருகத்தைப் படைத்த அழகி’ன்னு முதல்ல யோசிச்ச தலைப்பு, மேக்கப் டிபார்ட்மென்ட் தலைவர் பட் வெஸ்ட்மோர் கடுப்பானதால ‘மிருகத்தோடு வாழும் அழகி’ன்னு மாறிடுச்சு. படைச்சவ போய், கூட வாழ்றவ ஆயிட்டா! திரும்பி வந்தப்போ ஸ்டுடியோவில் அவங்களுக்கு டிசைன் வேலை இல்லை. படத்து டைட்டில்லயும் வெஸ்ட்மோர் பேர்தான். அந்த மீன் மூஞ்சியை வருஷக்கணக்கா முகமூடியா, மாடலா, பொம்மையா வித்தாங்க. எந்த டப்பாவிலும் மிலிசென்ட் பேர் கிடையாது. அவங்களோட கதையை மேலரி ஓமேரா தேடித் திரட்டி 2019-ல் முழுப் புத்தகமாப் போட்டாங்க. கிரியேச்சர் மேல சின்ன வயசிலிருந்தே பைத்தியமா இருந்த ரசிகை. கையில அந்தப் படத்தைப் பச்சை குத்திக்கிட்ட அளவுக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியம்தான் பேரைக் கண்டுபிடிச்சது, ஸ்டுடியோ இல்லை.

டூப்ளிகேட் கொஞ்சம் சின்னது!

இவ்வளவு பேசிட்டு, சேகரிப்பாளர் உலகம் ரொம்ப யோக்கியம்னு சொல்லிட முடியாது. அவங்களுக்குள்ள பெரிய கெட்ட வார்த்தை ‘ரீகாஸ்ட்’. அதாவது ஒரு ஒரிஜினல் முகமூடியை வாங்கி, அதுமேலயே புது அச்சு எடுத்து, காப்பி வார்த்து விக்கிறது. திருட்டு டி.வி.டி. மாதிரி. செதுக்கின சிற்பிக்கு ஒரு காசு போகாது.

கண்டுபிடிக்க ஒரு அழகான வழி இருக்கு. ரப்பர் பால் காயும்போது சுருங்கும். ஒரிஜினலே களிமண் சிற்பத்தைவிடக் கொஞ்சம் சின்னது. அதுமேல எடுத்த காப்பி இன்னும் சின்னது. காப்பிக்குக் காப்பி எடுத்தா குழந்தை சைஸ் ஆகிடும்! கண் சுருக்கம், தோல் துளை மாதிரி நுணுக்கங்களும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மழுங்கிக்கிட்டே போகும். அதனால கில்லாடிகள் டேப் வெச்சு நெத்தியை அளப்பாங்க. உள்பக்கம் திருப்பி ரப்பரோட நிறம், கனம் பார்ப்பாங்க. கழுத்து ஓரத்தில் கம்பெனி முத்திரை தெளிவா இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பார்ப்பாங்க. மோந்து பார்க்கிறவங்களும் உண்டு. பழைய ரப்பருக்குன்னு ஒரு வாசனை இருக்காம். கருவாட்டுக் கடைக்காரர் மாதிரி ஒரே இழுப்பில் வருஷம் சொல்லிடுவாங்களோ என்னவோ!

இன்னொரு தரப்பும் இருக்கு. ‘ஒரிஜினல் எல்லாம் மக்கிக்கிட்டு இருக்கு, யாராவது காப்பி எடுக்கலேன்னா அந்த முகமே அழிஞ்சிடும், அப்புறம் எதைக் காப்பாத்தினீங்க?’ன்னு கேக்கறாங்க. கேள்வி நியாயம்தான். ஆனா கேக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் காப்பியை ஒரிஜினல்னு சொல்லி விக்கிறவங்க. ‘ட்ரிக் ஆர் ட்ரீட் ஸ்டுடியோஸ்’ மாதிரி முறையா லைசென்ஸ் வாங்கிப் பழைய முகங்களைத் திரும்பச் செய்யற கம்பெனிகள் இருக்கு. காப்பின்னு சொல்லியே விக்கறாங்க. என் ஓட்டு அவங்களுக்கு.

மக்கறதுன்னு சொன்னேனே, அதுதான் இந்த ஹாபியோட சாபம். இயற்கை ரப்பர் செத்துக்கிட்டே இருக்கிற பொருள். காத்துல இருக்கிற ஆக்சிஜன், ஓசோன், வெயில், சூடு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே அதுக்கு எதிரி. செம்பு பட்டாக்கூட ஆகாது. முதல்ல பிசுபிசுக்கும் இல்லேன்னா இறுகும், அப்புறம் மடிப்பில் வெடிக்கும், கடைசியில் பொடி. ஒரு ராத்திரி கூத்துக்காகச் செஞ்சதை ஐம்பது அறுபது வருஷம் வைக்கணும்னா அது என்ன பண்ணும் பாவம்?

1933 ‘கிங் காங்’ குரங்கு ஞாபகம் இருக்கா? எம்பயர் ஸ்டேட் பில்டிங் மேல ஏறுமே, அது. நிஜத்தில் அது ஒண்ணரை அடி பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர் சதை, முயல் தோல். பாப் பர்ன்ஸ்ங்கிற சேகரிப்பாளர் கைக்கு அது வந்தப்போ சதையும் இல்லை, தோலும் இல்லை. எலும்புக்கூடு மட்டும்தான். அதையும் பொக்கிஷமா வெச்சிருந்தார். மைக்கேல் மையர்ஸ் முகமூடிக்கு வேற மாதிரி கதி. முதல் படம் முடிஞ்சதும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில் அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வெச்சிருந்தார். அவருக்கு சிகரெட் பழக்கம். 1981-ல் ரெண்டாம் பாகம் எடுக்க அதை வெளியே இழுத்தப்போ வெள்ளை மூஞ்சி புகை பட்டு மஞ்சளடிச்சிருந்தது. ரெண்டாம் பாகத்தில் பேய் கொஞ்சம் வேற மாதிரித் தெரியுதேன்னு நினைச்சீங்கன்னா, காரணம் இதுவும்தான். உள்ளே இருந்த ஸ்டன்ட் நடிகருக்குத் தலை அமைப்பும் வேற.

மாமா வீட்டு சனிக்கிழமை

சேர்த்ததெல்லாம் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் வாழ்க்கையே பதில். ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ எடிட்டர்னு சொன்னேனே, அவரேதான். ‘சை-ஃபை’ங்கிற வார்த்தையை 1954-ல் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் 18 ரூம் வீடு. பேரு ‘அக்கர்மேன்ஷன்’. உள்ளே மூணு லட்சம் பொருள்னு கணக்கு சொல்வார். புத்தகம், போஸ்டர், முகமூடி, ‘கிங் காங்’ படத்து டைனோசர் உருவங்கள், லுகோசியோட டிராகுலா மோதிரம்... கிச்சன், பாத்ரூம்னு இடம் விடல. சனிக்கிழமை ஆனா கதவைத் திறந்து வெச்சிடுவார். யார் வேணாலும் வரலாம். டிக்கெட் கிடையாது. அந்த மோதிரத்தை விரலில் போட்டுக்கிட்டு, அவரே கூட நடந்து ஒவ்வொண்ணுக்கும் கதை சொல்வார். வந்தவங்கள்ல சிலர் சட்டைக்குள்ள எதையாவது சுருட்டிக்கிட்டும் போயிருக்காங்க. அதுக்காகக் கதவைச் சாத்தல அவர்.

ஏதாவது ஒரு ஊர் இதை மியூசியமா எடுத்துக்கும்னு கடைசி வரைக்கும் எதிர்பார்த்தார். நடக்கல. வழக்குச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு. 2002-ல் பெரிய வீட்டைக் காலி பண்ணி, பெரும்பகுதியை வந்த விலைக்கு வித்துட்டுச் சின்ன வீட்டுக்குப் போனார். அங்கேயும் சனிக்கிழமை கதவு திறந்தது. 2008 டிசம்பரில், 92 வயசில் இறந்தார். மிச்சத்தை 2009-ல் ஏலம் போட்டுட்டாங்க. மோதிரம் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம்.

கொடுமை என்னன்னா, அவர் கேட்ட மியூசியங்கள் அவர் போன பிறகுதான் முழிச்சுக்கிட்டது. 2016-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஆர்ட் மியூசியத்தில் டைரக்டர் கியர்மோ டெல் டோரோவோட பேய்க் கலெக்ஷன் கண்காட்சி. 2017-ல் சேலம் நகர மியூசியத்தில் (நம்ம மாம்பழ சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) மெட்டாலிகா கிடாரிஸ்ட் கிர்க் ஹாம்மெட்டோட திகில் போஸ்டர்கள். அதே 2017-ல் 1931 ‘டிராகுலா’ போஸ்டர் ஒண்ணு ஏலத்தில் 5,25,800 டாலருக்குப் போச்சு. லுகோசி மொத்தச் சம்பளத்தைப் போல 150 மடங்கு! 2019-ல் லுகோசி குடும்பம் தங்கிட்ட இருந்த டிராகுலா அங்கி ஒண்ணை ஆஸ்கர்காரங்களோட அகாடமி மியூசியத்துக்கே கொடுத்தது.

டெல் டோரோ சிறுவயசிலிருந்தே அக்கர்மேன் பத்திரிகையைப் படிச்சு வளர்ந்தவர். அவர் ‘ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்து நாயகனே மிலிசென்ட்டோட மீன் மனுஷனுக்குத் தம்பிதான். பொருள் வைக்கவே ‘பிளீக் ஹவுஸ்’னு தனி வீடு வெச்சிருந்தார். அதில் எனக்குப் பிடிச்சது எந்தப் பூதமும் இல்லை. ஆளுயரச் சிலை ஒண்ணு. கார்லாஃப் நாற்காலியில் பாதிப் பூதமா, பாதி மனுஷனா உட்கார்ந்திருக்கார். பக்கத்தில் கோட்டு போட்ட ஒருத்தர் குனிஞ்சு மேக்கப் போடுறார். அது ஜாக் பியர்ஸ்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் காட்டுத்தீ வந்தப்போ டெல் டோரோவுக்கும் பொருள்களைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டியதாச்சு. எதை எடுக்கிறது, எதை விடுறது? எத்தனை தடவை இப்படி ஓட முடியும்? அந்த வருஷமே ஒரு பகுதியை ஏலத்துக்குக் கொடுத்துட்டார்.

சரி, நமக்கு இதில் என்ன? பழைய டான் போஸ்ட் தலை வாங்குற வசதி நம்ம யாருக்கும் இல்லை. ஆனா ரப்பர் பால் கிடைக்கும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பெயின்ட் கடையில் கிடைக்கும், களிமண் சும்மாவே கிடைக்கும். கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் போடுற டீம் முயற்சி பண்ணிப் பாருங்க. மூணு எச்சரிக்கை. ரப்பர் பால் சிலருக்கு அலர்ஜி, முதல்ல முழங்கையில் துளி வெச்சுப் பாருங்க. ஜன்னல் இல்லாத ரூமில் வேண்டாம், அமோனியா கண்ணைக் கரிக்கும். அச்சில் எண்ணெயோ வாஸ்லினோ தடவாதீங்க, ரப்பர் கெட்டுடும்.

முடிஞ்சதும் முகமூடிக்குள்ள பழைய நியூஸ் பேப்பரைத் திணிக்காதீங்க. பேப்பரில் இருக்கிற அமிலமும் மையும் ரப்பருக்கு ஆகாது. வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருட்டித் தலை மாதிரி அடைச்சு, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைங்க. களிமண்ணில் செதுக்கும்போதே, கழுத்து ஓரத்தில் செதுக்கினவங்க பேரையும் வருஷத்தையும் ஆழமாக் கீறிடுங்க. மூணு பேர் செஞ்சா மூணு பேர் பேரும்.

வார்டன் பார்த்துட்டு மயங்கி விழுந்தா நான் பொறுப்பில்லை. அடுத்த வாரம், பஸ் டிக்கெட் சேர்க்கிறவங்க!